நான்கு வெள்ளி அணுக்களும் கொஞ்சம் கடுகும்

மலிவு விலைக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒன்றை வாங்கிய வாசகர், ஐஎஸ்ஓ எண் (ஃபிலிம் ஒளியை உணரும் வேகம்) 400 உள்ள அந்த ஃபிலிமை, கேமராவில் 1600 என்று வைத்துத் தெருவில் எடுத்திருக்கிறார். கழுவும்போது நேரத்தையும் கூட்டியிருக்கிறார். சட்டைகள் பளிச்சென்று வந்தன, நிழலில் நின்றவர்களின் முகங்களைத்தான் காணோம். ஃபிலிம் மட்டமா, தான் மட்டமா என்று கேட்கிறார். ஃபிலிமைத் திட்டவும் வேண்டாம், தன்னை நொந்துகொள்ளவும் வேண்டாம்.

பிளாஸ்டிக் பட்டை, அதன்மேல் ஜெலட்டின் பூச்சு, அதற்குள் சில்வர் புரோமைடு படிகங்கள், கொஞ்சம் அயோடைடும் கலந்து. வெளிச்சம் பட்ட படிகத்தை டெவலப்பர் என்ற ரசாயனம் கறுப்பாக்கும், படாததை ஹைப்போ என்ற இன்னொன்று கரைத்துவிடும். இப்படிக் கிடைக்கும் நெகட்டிவில் கறுப்பாக இருப்பது படத்தில் வெளுப்பாக வரும். பள்ளிக்கூட வேதியியல் இங்கே போதும். ஆனால் எவ்வளவு வெளிச்சம் பட்டால் 'பட்டது' என்று கணக்கு?

ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) உள்ளே நுழைந்ததும் புரோமைடு அயனியிடமிருந்து ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிடுகிறது. அது அலைந்து திரிந்து படிகத்தில் எங்கோ ஒரு குழியில் சிக்குகிறது. படிக இடுக்குகளில் சுற்றிக்கொண்டிருக்கும் வெள்ளி அயனி ஒன்று, மின்னூட்ட ஈர்ப்பில் அங்கே வந்து சேர்கிறது. ஒரு வெள்ளி அணு பிறந்தாயிற்று. ஆனால் அற்பாயுசு! சில நொடிகளில் மறுபடி பிரிந்துவிடும். அதற்குள் இன்னொரு எலக்ட்ரான் அதே குழிக்கு வந்தால் இரண்டு அணுக்கள் ஆகும். இது தாக்குப்பிடிக்கும், ஆனாலும் டெவலப்பர் கண்டுகொள்ளாது. மூன்று, அப்புறம் நான்கு. ஏறத்தாழ நான்கு அணுக்கள் சேர்ந்ததும் கதை மாறுகிறது. அந்தப் புள்ளி வழியாக டெவலப்பர் எலக்ட்ரான்களை உள்ளே தள்ளி, நூறு கோடிக் கணக்கில் அயனிகள் உள்ள முழுப் படிகத்தையும் வெள்ளியாக்கிவிடும். நுண்ணிய இழைகளாக வளர்வதால் அந்த வெள்ளி கறுப்பாகத் தெரிகிறது. எலக்ட்ரான் முதலில், அயனி பின்னால் என்ற இந்த வரிசையை 1938இல் ரொனால்ட் கர்னி, நெவில் மாட் என்ற இரு இயற்பியலாளர்கள் விளக்கினார்கள். எத்தனை ரோல் கழுவினாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

சரி, அந்தக் குழி எங்கிருந்து வந்தது? அங்கேதான் கடுகு வருகிறது. அந்தக் காலத்தில் ஒரு தவணை ஜெலட்டினில் நல்ல வேகமான ஃபிலிம் வரும், அடுத்ததில் மந்தமானது வரும், காரணம் தெரியாது. கோடாக்கின் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்ட் 1925இல் கண்டுபிடித்தார்: நல்ல ஜெலட்டினில் கடுகு எண்ணெய் வகையைச் சேர்ந்த கந்தகச் சேர்மங்கள் துளியளவு இருந்தன. மாடு மேய்ந்த செடிகளிலிருந்து வந்தவை. அந்தக் கந்தகம் படிகத்தின் மேல் சில்வர் சல்ஃபைடு புள்ளிகளை உண்டாக்குகிறது, எலக்ட்ரான் சிக்குவது அவற்றில்தான். மாட்டுத் தோல் பசையைக் கிண்டிக்கொண்டிருக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இன்றைக்கு இதையே ஆராய்ச்சி நிதிக்கு எழுதிப்போட்டால், 'பயன் என்ன' என்ற கட்டத்திலேயே தள்ளுபடி ஆகியிருக்கும்.

இப்போது காணாமல்போன முகங்களுக்கு வருவோம். 1600 என்று வைத்தால் ஃபிலிமுக்குக் கிடைப்பது கால்பங்கு வெளிச்சம். நிழலில் உள்ள படிகங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு அணுக்களோடு நின்றுவிட்டன. கூடுதல் நேரம் ஊறப்போடும்போது, நான்கைத் தாண்டிய சட்டைப் படிகங்கள்தான் இன்னும் கறுக்கும். மற்றவற்றில் விளிம்பில் இருக்கும் சிலது மட்டும் தேறும். இப்படி எண்ணைக் கூட்டி வைத்து, கூடுதல் நேரம் கழுவுவதைப் புஷ் செய்வது என்பார்கள். அது கான்ட்ராஸ்டை, அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டை, கூட்டுமே தவிர, விழாத வெளிச்சத்தைக் கொண்டுவராது.

விலை உயர்ந்த ஃபிலிமில் வெள்ளி அதிகம், அதனால் ஆழமும் அதிகம் என்றொரு பேச்சு உண்டு. எனக்கு அது ராசிக்கல் கதை மாதிரிதான் படுகிறது. வெள்ளி எவ்வளவு என்பதைவிட, எலக்ட்ரான் எவ்வளவு நன்றாகச் சிக்குகிறது என்பதே நிழலைத் தீர்மானிக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஃபோமாபான் 400ஐப் பலர் 200 என்று வைத்தே எடுக்கிறார்கள்.

நானும் ஒரு மலிவு ரோலில், தொப்பி போட்டுப் பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவரை 200, 400, 1600 என்று மூன்று முறை எடுத்தேன். ஒரே ரோல், ஒரே கழுவல். நெகட்டிவை லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், மூன்றாவதில் தொப்பி விளிம்புக்குக் கீழே வெறும் பிளாஸ்டிக். இரண்டாவதில் மூக்கு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. முதலாவதில் மூக்குக் கண்ணாடியின் கம்பிகூட இருக்கிறது.