புள்ளிப் பட்டியலில் தெரியாத டிஃபென்ஸ்மேன்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணிகளுக்காக 15, 16 வயது ஆட்டக்காரர்களைப் பார்த்து அறிக்கை எழுதித் தருவது என் தொழில். டிஃபென்ஸ் (தற்காப்பு) வரிசையில் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பதில் பெரும்பகுதி புள்ளிகளைப் பற்றித்தான் இருக்கிறது: கோலும், கோலுக்கு உதவிய அசிஸ்டும் சேர்த்து இவ்வளவுதான் வந்திருக்கிறதே, அணிகள் முறைவைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இவன் பெயர் வருமா என்று. தாக்கி ஆடும் டிஃபென்ஸ்மேனுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். எதிரணியைத் தடுப்பதையே முதல் வேலையாகக் கொண்ட பிள்ளையைப் பற்றி அது ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. அவன் நன்றாக ஆடிய இரவில் ஸ்கோர் தாளில் எழுதும்படி எதுவும் நடந்திருக்காது.

உச்ச நிலையிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1982-83 சீசனில் ராட் லாங்வே மூன்றே கோல் அடித்து, வட அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையைப் பெற்றார். அடுத்த சீசனிலும் அது அவருக்கே போனது. நம் காலத்து உதாரணம் ஜேக்கப் ஸ்லாவின். 2012 என்.எச்.எல். டிராஃப்டில் கரோலினா அணி அவரை எடுத்தபோது 119 பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள். எதிரணியின் முதல் தாக்குதல் வரிசைக்கு எதிராகவே பெரும்பாலும் களமிறக்கப்படும் அவர், 2020-21 சீசனில் 52 ஆட்டங்களில் விதிமீறலுக்காக மொத்தம் 2 நிமிடம் மட்டுமே பெனால்டி பெட்டியில் உட்கார்ந்தார். டொராண்டோவில் பிறந்த கிறிஸ் டானெவை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. ஓராண்டு கல்லூரி ஹாக்கி ஆடிவிட்டு 2010-இல் வான்கூவர் அணியில் ஒப்பந்தமான அவர், என்.எச்.எல்.லில் 800 ஆட்டங்களைத் தாண்டிவிட்டார். இவர்களைத் தவறவிட்டவர்களும் என்னைப் போன்ற ஸ்கவுட்கள்தான் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அப்படியானால் என்ன பார்க்கிறோம்? சென்ற குளிர்காலத்தில் கிரேட்டர் டொராண்டோ ஹாக்கி லீக்கின் 16 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம் ஒன்றில் கண்ட ஒரு ஷிஃப்டை, அதாவது ஆட்டக்காரன் பனியில் இறங்கி ஆடிவிட்டுத் திரும்பும் ஒரு சுற்றைச் சொல்கிறேன். எதிரணியின் வேகமான விங்கர் (ஓரத்தில் ஆடும் தாக்குதல் ஆட்டக்காரன்) நடுப்பகுதியில் பக்கை (இந்த ஆட்டத்தின் ரப்பர் வட்டு) வாங்கித் திரும்பினான். எங்கள் பட்டியலில் இருந்த பையன் அப்போதே பின்னோக்கிச் சறுக்கத் தொடங்கியிருந்தான்; இருவருக்கும் இடையே ஒன்றரை ஸ்டிக் நீளத்துக்கு மேல் இடைவெளி இல்லை. ஸ்டிக்கை ஒரே கையில் பிடித்து, அதன் அலகைப் பனியோடு ஒட்டவைத்து, நடுவில் பாஸ் போகும் வழியை அடைத்தான். உடலை, ஆட்டத்தைத் தொடங்கப் பனியில் குறித்திருக்கும் ஃபேஸ்-ஆஃப் பொட்டுகளுக்கு உட்புறமாகவே வைத்திருந்ததால், 85 அடி அகல அரங்கில் விங்கருக்கு மிஞ்சியது ஓரச்சுவரை ஒட்டிய குறுகிய பாதை மட்டும். எங்கள் பையனின் தற்காப்புப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டுக்கு வருமுன்பே விங்கர் வேறு வழியின்றி பக்கை மூலைக்கு அடித்துவிட்டான். வேண்டாத விருந்தாளியை வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவது போல.

நான் குறிப்பெடுத்தது அதற்குப் பிறகு நடந்ததை. பக்கை எடுக்க மூலைக்குப் போகும் வழியில் அந்தப் பையன் இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான். முதல் முறை துரத்தி வருபவன் எந்தப் பக்கம் என்று, இரண்டாம் முறை தன் ஜோடி ஆட்டக்காரன் எங்கே நிற்கிறான் என்று. பக்கைத் தொட்ட மறுநொடியே அதை வலைக்குப் பின்புறமாக எதிர்த்திசையில் ஜோடிக்கு அனுப்பினான். மூன்று வினாடியில் பக் தற்காப்புப் பகுதியை விட்டு வெளியேறியது. யாரும் கைதட்டவில்லை, ஸ்கோர் தாளிலும் ஏறவில்லை. அன்றிரவு என் அறிக்கையில் பாதிப் பக்கம் அதற்கே போனது.

பெற்றோரும் சில பயிற்சியாளர்களும் தற்காப்பின் அடையாளமாக நினைப்பவை வேறு இரண்டு: பலமான மோதலும், உடலைக் குறுக்கே போட்டு ஷாட்டைத் தடுப்பதும். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் ஓர் ஆட்டத்தில் ஆறு ஷாட்களைத் தன் உடலால் தடுத்த பையனைப் பார்த்தால், பக் ஏன் அவ்வளவு நேரம் அவன் பகுதியிலேயே கிடந்தது என்ற கேள்வி எனக்கு எழும். மோதலுக்காகத் தன் இடத்தை விட்டுப் போய், பின்னால் இரண்டு பேரை ஒருவர் சமாளிக்கும்படி விட்டுவிடுகிற பையன் கைதட்டல் வாங்கலாம். என்னிடம் மதிப்பெண் வாங்குவதில்லை.

உடல்வாகு தனிக்கதை. கனடாவில் வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுவதால், ஒரே அணியில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசத்தோடு ஆடுகிறார்கள். அந்த வயதில் அது ஒரு தலை உயரமாகவும் தெரியலாம். ஆகவே பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தை எழுதாமல் நான் எந்த அறிக்கையையும் தொடங்குவதில்லை. சிறியவனாக இருந்தும் சரியான இடத்தில் நிற்கிறவன் வளரும்போது அந்தப் பழக்கம் கூடவே வரும். பெரியவனாக இருப்பதால் மட்டும் தப்பித்துக்கொண்டிருப்பவனுக்கு, மற்றவர்கள் வளர்ந்ததும் சிக்கல் தொடங்கும். 2025 ஆகஸ்டிலிருந்து கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்குப் போகலாம் என்றாகிவிட்டதால், மெதுவாக வளரும் பிள்ளைக்கு இப்போது முன்பைவிடக் கூடுதல் காலம் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. "இவன் தற்காப்பு ஆட்டக்காரன், பாஸ் சுமாராகத்தான் இருக்கும்" என்ற சமாதானம் இன்று செல்லாது. 2005-இல் என்.எச்.எல். விதிகளை மாற்றி, ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுப்பதற்கும் பிடித்து நிறுத்துவதற்கும் கறாராகத் தண்டனை கொடுக்கத் தொடங்கிய பிறகு, கால் மெதுவான, கை முரட்டுத்தனமான பழைய வகை டிஃபென்ஸ்மேனுக்கு இடம் சுருங்கிவிட்டது. பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே இரு பக்கமும் சமமாகத் திரும்பத் தெரியவேண்டும். நெருக்கடியிலும் முதல் பாஸ் நேராகச் சக ஆட்டக்காரனின் அலகுக்குப் போகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் திரும்பத் தெரிந்தவனை எதிரணிப் பயிற்சியாளர் முதல் பீரியட் முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்.

கோடைக்காலத்தில் தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டும் பெற்றோர் அதைப் பெரும்பாலும் ஷாட்டுக்கும் பக்கை உருட்டி ஏமாற்றும் வித்தைகளுக்கும்தான் கட்டுகிறார்கள். அந்த நேரத்தில் பாதியையாவது பின்னோக்கிய சறுக்கலுக்கும், மூலையில் பக் எடுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கச் சொல்வேன். புள்ளிக்காகப் பையனை முன்னேறி ஆடச் சொல்லி நெருக்கினால், அவன் பலமான வேலையையும் அரைமனதோடு செய்யத் தொடங்குகிறான். சீசனின் நடுவில் இப்படி மாறிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு வீடியோ அனுப்புவதானால், இசை சேர்த்த இரண்டு நிமிடத் தொகுப்பு வேண்டாம். ஒரே ஆட்டத்தின் ஏழெட்டு ஷிஃப்ட்களை வெட்டாமல், அவன் பனியில் இறங்குவது முதல் பெஞ்சுக்குத் திரும்புவது வரை அனுப்புங்கள். கேமரா பக்கின் பின்னால் ஓடாமல், பையனும் அவனைச் சுற்றிய ஆட்டமும் சேர்ந்து தெரியும் தூரத்தில் இருக்கட்டும். எதிரணி கோல் அடித்தபோது அவன் பனியில் இருந்திருந்தால், அந்த ஷிஃப்டையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். அதற்கடுத்த ஷிஃப்டில் அவன் எப்படி ஆடுகிறான் என்பதைத்தான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.