பழைய மேஸி (மேஸி ஃபெர்குசன்) டிராக்டருக்கு ரேடியேட்டர் வாங்கப் போகிறீர்களா? பெயரைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள்

ஆவணி மாதம், சேற்றுழவு மும்முரமாக நடக்கும் நேரம். ஒரு விவசாயி புது ரேடியேட்டரை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து பட்டறையில் இறக்கினார். "அண்ணே, மேஸிக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன். உட்கார மாட்டேங்குது" என்றார். பிரித்துப் பார்த்தேன். கீழே ஹோஸ் மாட்டும் வாய் அந்தப் பக்கம் இருக்க வேண்டியது இந்தப் பக்கம் இருந்தது. கடைக்காரர் போனில் "வாய் எந்தப் பக்கம்?" என்று சரியாகத்தான் கேட்டிருக்கிறார். இவர் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு பார்த்துச் சொல்லிவிட்டார். டிராக்டரில் இடம் வலம் என்றால் எப்போதும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற இடம் வலம்தான். முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் மாறிப்போகும்.

சரி, பழைய ரேடியேட்டர் எங்கே என்று கேட்டேன். பித்தளை விலைக்குப் போட்டுவிட்டாராம். அளவெடுக்க ஒன்றுமே மிச்சமில்லை. மூன்று நாள் வண்டி நின்றது, வாடகை டிராக்டர் வைத்து உழவை முடித்தார்.

அதனால் முதலில் சொல்வது இதைத்தான்: புது ரேடியேட்டர் வண்டியில் ஏறி, தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் வேலை முடியும்வரை பழையதைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். எவ்வளவு ஒழுகினாலும் சரி, நசுங்கியிருந்தாலும் சரி, உங்கள் வண்டிக்கு அதைவிட நல்ல அளவுச் சீட்டு கிடையாது.

"மேஸி" என்ற ஒரு பெயருக்குள் எத்தனை வண்டி இருக்கிறது என்று பாருங்கள். 1956-ல் இங்கிலாந்தில் வந்த ஃபெர்குசன் 35 டீசல் வண்டியில் இருந்தது நான்கு சிலிண்டர் என்ஜின். 1959 கடைசி வாக்கில் அதே 35-க்கு பெர்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் என்ஜின் வந்தது. அதன் கொள்ளளவு 152 கன அங்குலம், அதாவது சுமார் 2,500 சிசி. நம் ஊர்களில் அதிகம் ஓடும் 1035, சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி. அதில் இருப்பது சுமார் 2,400 சிசி சிம்ப்சன் என்ஜின். அதுவும் மூன்று சிலிண்டர்தான், பெர்கின்ஸ் வழி வந்ததுதான். ஆனாலும் அதுவும் 35-இல் இருக்கும் என்ஜினும் ஒன்றல்ல. பானெட் சிவப்பாக இருக்கிறது, கிரில் ஒரே மாதிரி இருக்கிறது என்று நம்பி வாங்கினால் ஹோஸ் வளைவிலேயே மாட்டிக்கொள்வோம்.

ஆர்சி புத்தகத்தில் சேசிஸ் எண், என்ஜின் எண், தயாரித்த மாதம், ஆண்டு எல்லாம் இருக்கும். கடைக்குப் போகும்போது அதன் நகலை எடுத்துப் போங்கள். அதற்கு முன் என்ஜின் பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். நாற்பது வருடம் மூன்று கை மாறிய வண்டியில் என்ஜினும் மாறியிருக்கலாம், முந்தைய உரிமையாளர் வேறு வண்டியின் ரேடியேட்டரைத் தகடு வெட்டி உட்கார வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டிக்குப் புத்தகத்தைப் பார்த்து சரியான பார்ட் வாங்கினாலும் பொருந்தாது. டேப்பை எடுத்து அளந்துவிட வேண்டியதுதான்.

எதை அளப்பது? கோர் என்பது இரண்டு டேங்குக்கும் நடுவே குழாயும் மெல்லிய தகடுகளுமாக இருக்கும் பகுதி. அதன் உயரம் என்றால் மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவே உள்ள உயரம், டேங்கைச் சேர்க்கக் கூடாது. அகலத்தைப் பக்கச் சட்டம் நீக்கி எடுங்கள். அப்புறம் கனம். முன்னிருந்து பின்னாக எத்தனை வரிசைக் குழாய் என்றும் எண்ணுங்கள். மேல் வாய், கீழ் வாய் இரண்டின் வெளி விட்டத்தையும், பக்கச் சட்டத்திலிருந்து அவை எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதையும் குறியுங்கள். அடி போல்ட் துளைகளுக்கு ஓர் அட்டையை வைத்து அழுத்தித் துளை அச்சு எடுத்துவிட்டால் எண்களைவிட அது நம்பகமானது.

மூன்று வரிசை இருந்த இடத்தில் நான்கு வரிசை போட்டால் இன்னும் குளிரும் என்று பலர் கேட்கிறார்கள். குளிரலாம். ஆனால் கோர் பின்பக்கம் தடித்தால் ஃபேனுக்கும் கோருக்கும் உள்ள இடைவெளி குறையும். பழைய வாட்டர் பம்ப்பில் பேரிங் ஆட்டம் இருந்தால் ஒரு குலுக்கலில் இறக்கை கோரைக் கிழித்துவிடும். அதோடு, குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகள் நெருக்கமான கோரில் வைக்கோல் தூசி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கதிரடிக்கும் வேலைக்குப் போகிற வண்டி என்றால் பழைய தகட்டு இடைவெளியிலேயே இருப்பது நல்லது.

இப்போது மூடி. ரேடியேட்டரிலேயே விலை குறைந்த பார்ட் இதுதான், நான் பார்த்தவரை அதிகம் கெடுதல் செய்ததும் இதுதான். மூடியின் மேல் ஓர் எண் குத்தியிருக்கும். 4, 7, 13 என்றிருந்தால் அது பவுண்டு அழுத்தம். 0.5, 0.9 என்றிருந்தால் கிலோ கணக்கு, 0.5 என்பது ஏறக்குறைய 7 பவுண்டு, 0.9 ஏறக்குறைய 13 பவுண்டு. அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும், பவுண்டுக்குச் சுமார் ஒன்றரை டிகிரி. அதனால்தான் "பெரிய மூடி போட்டால் கொதிக்காது" என்று கார் மூடியை வாங்கி மாட்டுகிறார்கள். கழுத்தில் அது சரியாக உட்காரவும் செய்யும். ஆனால் 7 பவுண்டுக்குச் செய்த பழைய பித்தளை டேங்க் ஈயம் வைத்து ஒட்டியது. 13 பவுண்டை அது தாங்காது, தகட்டு ஓரத்தில் ஈயம் விட்டுவிடும். ஒழுகலை அடைத்துக் கொடுத்த அடுத்த வாரமே அதே வண்டி திரும்பி வந்தால் நான் முதலில் மூடியைத்தான் திருப்பிப் பார்ப்பேன்.

மூடிக்கு ஆழமும் உண்டு. கழுத்தின் விளிம்பிலிருந்து உள்ளே சீல் உட்காரும் இடம்வரை முக்கால் அங்குலம் ஒரு வகை, ஒரு அங்குலம் இன்னொரு வகை. ஆழமான கழுத்தில் குட்டை மூடி போட்டால் அழுத்தமே பிடிக்காது, தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே போய்க்கொண்டே இருக்கும். காலையில் குளிர்ந்த வண்டியில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால், மூடியின் நடுவில் இருக்கும் சிறிய வால்வு ஒட்டிக்கொண்டது என்று பொருள்.

சூடான மூடியைத் திறப்பது பற்றிக் கெஞ்சிக் கேட்கிறேன். மூடி விடுபட்ட நொடியில் உள்ளே அடங்கியிருக்கும் நூறு டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஈரச் சாக்கைப் போட்டுத் திறந்தவர்களின் கையும் வெந்துதான் போயிருக்கிறது. மேல் டேங்கில் உள்ளங்கையை வைத்து நிதானமாகப் பத்து எண்ண முடியும்வரை காத்திருங்கள். உழவு அரை மணி நேரம் தாமதமானால் ஒன்றும் ஆகாது.

ஹோஸ் விஷயம் சின்னது. கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். பழையதற்குள் சுருள் கம்பி இருந்தால் புதியதிலும் அது இருக்க வேண்டும், இல்லையென்றால் வேகம் ஏறும்போது ஹோஸ் ஒட்டிக்கொள்ளும்.

முழு ரேடியேட்டரும் மாற்ற வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். பழைய வண்டிக்கு நான் பெரும்பாலும் சொல்வது, உங்கள் டேங்கையும் பக்கச் சட்டத்தையும் வைத்துக்கொண்டு கோரை மட்டும் மாற்றுங்கள் என்றுதான். வாய், துளை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். புதுக் கோர் செம்பா என்று பார்க்க, ஓரத்தில் கறுப்புப் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டினால் நிறம் தெரிந்துவிடும். அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்குமாக வருவது எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் அது ஒழுகினால் எங்களைப் போன்ற பட்டறையில் ஈயம் வைத்துச் சரிசெய்ய முடியாது.

கோர் போய்விட்டதா என்று தெரிய ஒரு விரல் போதும். தகடுகளை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் ஒழுகாவிட்டாலும் அந்தக் கோர் முடிந்தது, தகடு குழாயை விட்டு விலகிவிட்டதால் சூடு வெளியே போகாது. தகடு உறுதியாக இருந்து உள்ளே போர்த் தண்ணீரின் உப்புதான் படிந்திருக்கிறது என்றால், டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுத் தூர் எடுத்தாலே இன்னும் சில வருடம் ஓடும். காசைப் போடும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். குளிர்ந்த வண்டியில் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் என்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனதுதான் பெரும்பாலும் காரணம். அதை வைத்துக்கொண்டு எந்த ரேடியேட்டர் மாற்றினாலும் வண்டி ஹீட் ஆகத்தான் செய்யும்.

அந்த விவசாயிக்குக் கடைசியில் காயலான் கடையில் 1035-இன் பழைய டேங்க் ஜோடி ஒன்று கிடைத்தது. அதற்குக் கோர் கட்டி, 7 பவுண்டு மூடி போட்டேன். மூடியைத் திறந்து வைத்தே ஓடவிட்டு, மேல் ஹோஸ் சுட ஆரம்பித்ததும் இறங்கிய தண்ணீரை நிரப்பி மூடிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் வந்து ஹோஸ் கிளிப்புகளை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டு போனார்.