கவுன்சில் குடியிருப்பை இடிக்கப் போகிறார்களா? இங்கிலாந்துச் சட்டம் எதைக் காக்கும், எதைக் காக்காது

1960, 70களில் இங்கிலாந்துக் கவுன்சில்கள் (உள்ளாட்சி மன்றங்கள்) பூச்சில்லாத கான்கிரீட்டில் கட்டிய புரூட்டலிசக் குடியிருப்புகளை இடிக்கும் பேச்சு வந்ததுமே, குடியிருப்போர் பலர் இரண்டு சட்டங்களை ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். கட்டடத்தைக் காக்கும் சட்டம் ஒன்று. அதில் வாழ்பவருக்கான சட்டம் வேறு.

கட்டடத்துக்கு உள்ளது 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான பாரம்பரியப் பட்டியல். யாரும் விண்ணப்பிக்கலாம். பாரம்பரியக் கட்டடங்கள் குறித்து அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு ஆராய்ந்து பரிந்துரைக்கும். முடிவு கலாசார அமைச்சருடையது. கட்டடத்துக்குப் பொதுவாக 30 வயது தாண்டியிருக்க வேண்டும். கட்டடக்கலைச் சிறப்பு அல்லது வரலாற்றுச் சிறப்புதான் அளவுகோல். லிப்ட் ஓடவில்லை, பழுதுபார்க்கச் செலவு அதிகம் என்ற வாதங்கள் அங்கே எடுபடா. "இது எங்கள் வீடு" என்ற முறையீடும் எடுபடாது. யார் வடிவமைத்தது, அதில் புதுமை என்ன, எந்தப் பகுதிகள் மாறாமல் உள்ளன என்பதைப் படங்களுடன் காட்டுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 28 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

தாமதித்தால் கதவே மூடிவிடும். உரிமையாளர் பட்டியலிடுவதிலிருந்து விலக்குச் சான்று வாங்கிவிட்டால் 5 ஆண்டுகளுக்கு அந்தக் கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்க முடியாது. கிழக்கு லண்டனின் ராபின் ஹூட் கார்டன்ஸ் 1972-இல் முடிந்தது. அலிசன், பீட்டர் ஸ்மித்சன் வடிவமைத்த 213 வீடுகள். 2008-இல் அதைப் பட்டியலிட மறுத்தார்கள், 2009-இல் விலக்குச் சான்று கொடுத்தார்கள், 2017-இல் மேற்குக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள்.

பட்டியலில் ஏறினாலும் வாடகைதாரர் அங்கேயே இருப்பார் என்று உறுதியில்லை. 1993-இல் பட்டியலான, கிழக்கு லண்டனின் கீலிங் ஹவுஸ் பின்னர் தனியாருக்கு விற்கப்பட்டு, தனியார் அடுக்குமாடியானது. அதே பகுதியில் உள்ள பால்ஃப்ரன் டவர் அடுக்குமாடியிலும் கட்டடம் நின்றது, கவுன்சில் வாடகைதாரர்கள் வெளியேறினார்கள். "காப்பாற்றிவிட்டோம்" என்று கொண்டாடும் முன் யாருக்காகக் காப்பாற்றினோம் என்று கேட்டே ஆக வேண்டும்.

குடியிருப்பவருக்கான உரிமை 1973-ஆம் ஆண்டு நில இழப்பீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஓராண்டாவது அதையே முதன்மை வீடாகக் கொண்டு வாழ்ந்து, இடிப்புக்காக நிரந்தரமாக வெளியேறினால் வீட்டிழப்புத் தொகை உண்டு. வாடகைதாரருக்கு ஒரே நிலையான தொகை. அரசு அவ்வப்போது உயர்த்தும். வீட்டைச் சொந்தமாக வைத்து வாழ்பவருக்குச் சந்தை மதிப்பில் 10 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. சாமான் மாற்றும் செலவு போன்றவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். வீட்டிழப்புத் தொகையை எழுத்தில்தான் கோர வேண்டும்; கெடு 6 ஆண்டு.

பலர் ஏமாறுவது இங்கேதான்: முறையான முடிவு வருவதற்கு முன்பே சாதாரண இடமாற்றம் கேட்டுப் போய்விட்டால், "இடிப்பால் போகவில்லை" என்று தொகையை மறுக்கலாம். இடமாற்றத்துக்குக் காரணம் இடிப்புதான் என்று கவுன்சிலிடம் எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வாடகை பாக்கி இருந்தால் கழித்துக்கொள்வார்கள்.

லண்டனில் மட்டும் 2018 முதல் இன்னொரு பிடி உண்டு. சமூக வாடகை வீடுகளை (கவுன்சில் போன்றவை குறைந்த வாடகைக்கு விடும் வீடுகளை) இடித்து 150 அல்லது அதற்கு மேல் புது வீடுகள் கட்ட மேயரின் நிதி வேண்டுமென்றால், குடியிருப்போர் வாக்கெடுப்பில் பெரும்பான்மை ஆதரவு வேண்டும். அந்த நிதியைத் தொடாத திட்டத்துக்கு இந்த நிபந்தனை பொருந்தாது. முதல் கூட்டத்திலேயே பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.