தொடக்க நிரல்: சொல் விளக்கம்

ஒரு கணினியோ சேவையோ கொள்கலனோ எழும்போது, யாரும் விசைப்பலகையில் கைவைக்காமலே தானாக ஓடும்படி கோப்பில் எழுதி வைக்கப்பட்ட கட்டளைகளை மென்பொருள் துறையினர் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் என்பர். தமிழில் இதைத் தொடக்க நிரல் எனலாம். சொல் எளிதாகத் தோன்றினாலும், ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துத் தனியே ஓடவைக்கும், கன்டெய்னர் எனப்படும் கொள்கலன்களுக்குள் மேம்பாட்டுச் சூழலை அமைத்துக்கொள்ளும் வழக்கம் பரவிய பிறகு, இதில் வரும் தொடக்கம் எந்தத் தொடக்கத்தைக் குறிக்கிறது என்னும் ஐயம் பெரிதாகிவிட்டது. ஒரே வேலை இரண்டு இடங்களில் எழுதப்பட்டு இரண்டு முறை நடக்கும் கோளாறுகள் பல இந்த ஐயத்திலிருந்தே பிறப்பதால், சொல்லின் பொருளைப் பிரித்துப் பார்ப்பதும் திருத்த வேலையில் சேர்ந்துவிடுகிறது.

ஸ்கிரிப்ட் என்பது எழுதுதலைக் குறிக்கும் ஸ்க்ரீபெரே என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. எழுதப்பட்டது என்பதே அதன் நேர்ப்பொருள். நடிகர்கள் பேச வேண்டியதை வரிசையாக எழுதிய படிக்கும் இச்சொல் வழங்கியது. தமிழில் நிரல் என்பதன் பழம்பொருள் வரிசை, ஒழுங்கு என்பதாகும். சொற்களை ஒரு வரிசையில் நிறுத்தி, அவற்றோடு சேர வேண்டியவற்றை அதே வரிசையில் பொருத்திப் பொருள் கொள்ளச் செய்வதை இலக்கண நூல்கள் நிரல்நிறை என்கின்றன. மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடும் கட்டளைக் கோப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேட வேண்டியதில்லை. ஸ்கிரிப்டைக் குறுநிரல் என்று எழுதுவாரும் உளர். நூற்றுக்கணக்கான வரிகள் நீளும் தொடக்க நிரல்களைப் பார்க்கையில் குறு என்னும் அடை பொருந்துவதாகத் தெரியவில்லை.

ஸ்டார்ட்அப் என்பதற்குத் தொடக்கம், துவக்கம் என இரண்டும் வழக்கில் உள்ளன. தொடங்கு என்பதே பழைய இலக்கிய வழக்கு. துவங்கு அதன் திரிபு. இலங்கைத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி என்பதையும் நினைவில் கொண்டால், இரு நாட்டு வாசகர்களுக்கும் எழுதப்படும் ஆவணத்தில் தொடக்கம் என்று எழுதுவதே நல்லது.

யூனிக்ஸ் இயங்குதள மரபில் தொடக்க நிரல்களுக்கு இன்னொரு பெயரும் உண்டு. பேஷ்ஆர்சி போன்ற கோப்புப் பெயர்களின் ஈற்றில் வரும் ஆர்சி என்னும் ஈரெழுத்து, அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் 1960-களில் இயங்கிய சிடிஎஸ்எஸ் என்னும் கணினி அமைப்பின் ரன்காம் வசதியிலிருந்து எஞ்சியதாகும். ஒரு கோப்பில் எழுதிய கட்டளைகளை அடுத்தடுத்து ஓட்டுவதே அவ்வசதியின் வேலை. அதை உருவாக்கியவர் பிரெஞ்சுக் கணினியறிஞர் லூயி பூசான். பயனர் இடும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலுக்கு ஷெல் என்னும் பெயரையும் அவரே இட்டார். கொள்கலன் உலகில் இவற்றோடு சேர்ந்துகொண்ட என்ட்ரிபாயிண்ட் என்னும் சொல்லும் பழையதுதான். இயந்திர மொழி நிரலில் எந்த முகவரியிலிருந்து இயக்கம் தொடங்க வேண்டும் என்பதை அது குறித்தது. 2013-இல் வெளிவந்த டாக்கர் என்னும் கொள்கலன் மென்பொருள் அச்சொல்லை எடுத்து, கொள்கலனின் முதற்செயலை, அதாவது அதில் முதலில் ஓடும் புராசஸைக் குறிக்கப் பயன்படுத்தியது. நுழைவாயில் என்பதைவிடத் தொடக்கப்புள்ளி என்பதே அதன் கருத்துக்கு நெருக்கம்.

பழைய கணினிக்கு ஒரு தொடக்கம் இருந்தது. மின்விசையை அழுத்தினால் எழும், அவ்வளவே. கொள்கலனுக்கோ, அதற்கு அச்சாக அமையும் படிமம் (இமேஜ்) கட்டப்படுதல், படிமத்திலிருந்து கொள்கலன் உருவாதல், நிறுத்திய கொள்கலன் மீண்டும் எழுப்பப்படுதல், எடிட்டர் எனப்படும் தொகுப்பான் கருவி அதனோடு இணைதல், உள்ளே ஒரு முனையம் திறக்கப்படுதல் எனப் பல தொடக்கங்கள் உண்டு. வீட்டுக்குக் கால்கோள் வேறு, புதுமனை புகுவிழா வேறு, நாள்தோறும் காலையில் கதவு திறப்பது வேறு என்பதில் நமக்குக் குழப்பமில்லை. கொள்கலனில் மட்டும் இவை அனைத்துக்கும் ஸ்டார்ட்அப் என்ற ஒரே பெயரை வைத்துவிட்டோம். மேம்பாட்டுச் சூழலைக் கொள்கலனில் அமைப்பதற்கான டெவ்கன்டெய்னர் வரையறை இவற்றைப் பெயரளவிலேனும் பிரித்திருக்கிறது. ஆன்கிரியேட், அப்டேட்கன்டென்ட், போஸ்ட்கிரியேட் ஆகிய மூன்றும் கொள்கலன் உருவாகும் காலத்துக்கு உரியவை. போஸ்ட்ஸ்டார்ட் கொள்கலன் எழும் ஒவ்வொரு முறைக்கும், போஸ்ட்அட்டாச் ஒவ்வோர் இணைப்புக்கும் உரியவை. இனிஷியலைஸ் என்பது கொள்கலனுக்குள் ஓடாமல் அதைத் தாங்கும் கணினியிலேயே ஓடுவது; கொள்கலனை உருவாக்கும்போதும் பின்னர் எழுப்பும்போதும் ஓடக்கூடியது.

இனி இரட்டிப்பு. டூப்ளிகேட் என்னும் சொல் இரண்டு, மடித்தல் என்னும் இரு லத்தீன் உறுப்புகளால் ஆனது. தமிழின் இருமடி, மும்மடி என்பவற்றிலும் அதே மடிதான் இருக்கிறது. ஆயினும் தொடக்க நிரல்களைப் பொறுத்தவரை டூப்ளிகேட் என்னும் ஒரு சொல்லுக்குள் வேறுவேறான இரண்டு நோய்கள் ஒளிந்துள்ளன. ஒரே கட்டளைகள் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருப்பது ஒன்று. இதை இரட்டை நிரல் எனலாம். ஓரிடத்தில் மட்டுமே எழுதப்பட்ட நிரல் வேண்டாத வேளையில் மறுபடி ஓடுவது மற்றொன்று. இதை மீளோட்டம் எனலாம். முன்னதற்கு மருந்து நீக்குதல். பின்னதற்கு மருந்து நிரலையே மாற்றி எழுதுதல். இவ்விரண்டையும் பிரிக்காமல் கைவைத்தால், நீக்கக் கூடாததை நீக்கிவிட நேரும்.

இரட்டை நிரல் எப்படி உருவாகிறது என்பதற்கு டெவ்கன்டெய்னரின் ஓவர்ரைட்கமாண்ட் என்னும் அமைப்பே நல்ல சான்று. படிமத்தையோ, அதைக் கட்டும் குறிப்புகளைக் கொண்ட டாக்கர்ஃபைலையோ நேரடியாகக் கொண்டு சூழலை அமைத்தால் இவ்வமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். அப்போது படிமத்தின் இயல்புக் கட்டளை ஓடாமல், அதற்குப் பதிலாகக் கொள்கலனை விழிப்பில் வைத்திருக்கும் ஒரு காத்திருப்புச் சுழல் மட்டுமே ஓடும். பல கொள்கலன்களைச் சேர்த்து இயக்கும் டாக்கர் கம்போஸ் கோப்பின் வழியே அமைத்தாலோ இது அணைந்த நிலையில் இருக்கும். இயல்புக் கட்டளை ஓடும். படிமத்தை நேரடியாகப் பயன்படுத்தும் ஒருவர் சேவை எழாததைக் கண்டு, அதே கட்டளையைப் போஸ்ட்ஸ்டார்ட் பகுதியில் சேர்த்துவிடுகிறார். சில மாதங்களில் தரவுத்தளமும் தேவைப்பட்டுச் சூழல் கம்போஸுக்கு மாறுகிறது. அன்று முதல் சேவை இரண்டு முறை எழுப்பப்படுகிறது. இரண்டாவது வந்தது, துறை (போர்ட்) ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று முறையிட்டு விழுகிறது. இங்கே யாரும் கவனக்குறைவாக எதையும் எழுதவில்லை. ஓடாமல் போகுமோ என்ற அச்சத்தில் எழுதிய வரி, அச்சத்தின் காரணம் நீங்கிய பின்னும் தங்கிவிட்டது.

இதனினும் மறைவான ஒரு வழி உண்டு. டெவ்கன்டெய்னர் கருவி, தான் கட்டும் படிமத்தின் மேல் ஒரு விவரச்சீட்டை ஒட்டி, அதில் ஆன்கிரியேட் முதலிய வாழ்நாள் கட்டளைகளையும் பதிந்து வைக்கிறது. அந்தப் படிமத்தைப் பின்னர் பயன்படுத்தும்போது, சீட்டில் உள்ள கட்டளைகளும் திட்டத்தின் அமைப்புக் கோப்பில் உள்ள கட்டளைகளும் ஒன்றை ஒன்று அழிக்காமல் ஒரே பட்டியலாகச் சேர்ந்து, எல்லாமே ஓடும். அமைப்புக் கோப்பில் எழுதினால் பழையது மறைந்துவிடும் என்று எண்ணுபவர், ஒரே போஸ்ட்கிரியேட் கட்டளை இரண்டு முறை ஓடுவதைக் கண்டு திகைப்பார். கோப்பை எத்தனை முறை படித்தாலும் அதில் ஒரே வரிதான் தென்படும். டெவ்கன்டெய்னர் கருவியின் ரீட்கான்ஃபிகரேஷன் என்னும் துணைக்கட்டளையை, ஒன்றிணைந்த அமைப்பையும் காட்டுமாறு கேட்டு ஓட்டினால் இரண்டாவது வரி கண்ணுக்குத் தெரியும்.

டாக்கர்ஃபைலில் விதி இதற்கு நேர்மாறானது. என்ட்ரிபாயிண்ட் பலமுறை எழுதப்பட்டால் கடைசியாக வந்ததே செல்லும். அடிப்படைப் படிமத்தின் தொடக்க நிரலும் இவ்வாறே மறைந்துபோவதால், அதன் உள்ளடக்கத்தைத் தம் நிரலுக்குள் முழுவதுமாகப் படியெடுத்துக்கொள்வது பலரின் வழக்கம். மூலப்படிமம் புதுப்பிக்கப்படும் நாளில் இந்தப் படி பழையதாகிவிடும். தம் வேலையை முடித்துவிட்டு, கடைசி வரியில் மூல நிரலையே எக்ஸெக் கட்டளையால் அழைத்துவிட்டால் படியெடுக்க வேண்டிய தேவையே எழாது. எக்ஸெக் என்பது ஷெல் செயலின் இடத்திலேயே அடுத்த செயலை அமர்த்துவதால், டாக்கர் அனுப்பும் நிறுத்தக் குறிப்பும் உரிய செயலுக்கு நேரே போய்ச் சேரும். அவ்வாறு சேராவிட்டால், லினக்ஸ் கொள்கலனை நிறுத்தும்போது டாக்கர் இயல்பாக 10 நொடி காத்திருந்து பிறகு வலுக்கட்டாயமாக முடித்துவிடும். என்ட்ரிபாயிண்டைப் புதிதாக எழுதினால் மூலப்படிமத்தின் சிஎம்டி என்னும் இயல்புக் கட்டளையின் மதிப்பு வெறுமையாகிவிடும் என்பதால், அதையும் மறவாமல் திரும்ப எழுத வேண்டும்.

ஷெல் கோப்புகளில் நேரும் இரட்டிப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் இயல்பான புரொஃபைல் கோப்பு, பேஷ் ஷெல்லில் பேஷ்ஆர்சி கோப்பையும் தானே படித்துவிடும். ஆகவே இரண்டிலும் ஒரே வரியை எழுதினால் புகுபதிகை (லாகின்) ஷெல்லில் அது இரண்டு முறை நடக்கும். கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளைப் பட்டியலிடும் பாதை மாறியில் ஒரே அடைவு இருமுறை ஏறினால் தீங்கு சிறிது. இணைப்புத் திறவுகோல்களை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் ஏஜென்ட் போன்ற பின்னணிச் செயலை அங்கே எழுப்பினால், திறக்கும் முனையம் ஒவ்வொன்றுக்கும் புதிது புதிதாக ஒன்று பிறந்துகொண்டே இருக்கும்.

மீளோட்டத்தின் மருந்துக்கு ஆங்கிலத்தில் ஐடெம்பொட்டன்ட் என்று பெயர். 1870-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ், தன்னைத் தன்னாலேயே பெருக்கினாலும் தானாகவே எஞ்சும் உறுப்பைக் குறிக்க, அதே என்று பொருள்படும் ஐடெம், ஆற்றல் என்று பொருள்படும் பொட்டென்ஸ் என்னும் லத்தீன் சொற்களை இணைத்து இதை ஆக்கினார். ஒன்று, சுழியம் ஆகிய எண்கள் இத்தகையவை. தமிழ்க் கணித எழுத்தில் இதற்கு வழங்கும் தன்னடுக்கு என்னும் சொல் மூலத்தைவிடத் தெளிவாகவே இருக்கிறது: எத்தனை அடுக்குக்கு உயர்த்தினாலும் தானே. தொடக்க நிரலுக்கு இதைப் பொருத்தினால், ஒருமுறை ஓடினாலும் பலமுறை ஓடினாலும் சூழல் ஒரே நிலையில் வந்து நிற்க வேண்டும் என்பதாகும். இல்லாவிட்டால் மட்டும் அடைவை உருவாக்கு என்பது தன்னடுக்கு. கோப்பின் இறுதியில் இந்த வரியைச் சேர் என்பது தன்னடுக்கு அன்று.

எல்லா வேலையையும் இப்படி எழுத முடியாத இடத்தில், வேலை முடிந்ததற்கு அடையாளமாக ஒரு கோப்பை விட்டுச் செல்வார்கள். அதை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அடையாளக் கோப்பின் ஆயுளும், அது எந்த வேலைக்குச் சாட்சியோ அந்த வேலையின் விளைவின் ஆயுளும் ஒன்றாக இருக்க வேண்டும். தரவுத்தளத்தில் மாதிரித் தரவை இட்டதற்கான அடையாளம் அந்தத் தரவு வாழும், கொள்கலன் அழிந்தாலும் நிலைக்கும் வால்யூம் என்னும் சேமிப்பிடத்திலேயே இருக்க வேண்டும். கொள்கலனுக்குள் வைத்தால், கொள்கலனை அழித்து மறுபடி உருவாக்கும்போது அடையாளம் மறைந்து, தரவு மட்டும் எஞ்சி, அதன் மேல் மீண்டும் மாதிரித் தரவு விழும். கொள்கலனுக்குள் நிறுவிய பொதிகளுக்கான அடையாளத்தை வால்யூமில் வைத்தால் நேர்மாறான கேடு வரும்: பொதிகள் இரா, அடையாளம் மட்டும் இருக்கும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் அதிகாரபூர்வப் படிமம் இதை நன்கு கையாளுகிறது. தரவு அடைவு வெறுமையாக இருந்தால் மட்டுமே தொடக்க நிரல்களை ஓட்டுகிறது. அதற்குத் தரவே அடையாளம். இதை அறியாதவர், தாம் திருத்திய நிரல் ஓடவில்லையே என்று அதை இன்னோர் இடத்திலும் எழுதி வைத்து, இரட்டை நிரலுக்கு வித்திடுவதும் உண்டு.

ஓடிக்கொண்டிருக்கும் செயலுக்கான அடையாளம் எளிதில் ஏமாற்றிவிடும். ரெயில்ஸ் என்னும் வலைச் சட்டகத்தின் சேவையகம் தன் செயல் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அடுத்த முறை எழும்போது அந்த எண்ணில் ஏதேனும் செயல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். கொள்கலனின் முதற்செயலுக்கு எப்போதும் எண் 1 என்பதால், திடீரென நின்று மீண்டும் எழும் சேவையகம், பழைய கோப்பில் 1 என்று கண்டு, தன்னையே முந்தைய சேவையகம் என எண்ணி, ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது என்று சொல்லி நின்றுவிடும். என்ட்ரிபாயிண்ட் நிரலில் அந்தக் கோப்பை முதலில் நீக்கும் வரி பரவலாகக் காணப்படுவது இதனால்தான்.

வலைச் சேவையும் பின்னணிப் பணியாளரும் ஒரே படிமத்திலிருந்து எழும் கம்போஸ் சூழலில், இரண்டின் தொடக்க நிரல்களும் ஒரே நேரத்தில் தரவுத்தள அமைப்பு மாற்றங்களை இயக்கப் பார்க்கும். இங்கே தன்னடுக்கு மட்டும் போதாது. இருவரும் ஒரே கணத்தில் பார்த்தால் இருவருக்கும் வேலை முடியாததாகவே தோன்றும். இதற்கு, அந்த மாற்றங்களை மட்டும் செய்து முடித்து வெளியேறும் தனிச் சேவை ஒன்றை அமைத்து, அது வெற்றியோடு முடிந்த பிறகே மற்றவை எழ வேண்டும் என்று சார்பு நிபந்தனை இட வேண்டும்.

திருத்தத் தொடங்குமுன், ஒவ்வொரு நிரலின் தலைப்பிலும் அதன் கோப்புப் பெயரையும் செயல் எண்ணையும் நேரத்தையும் அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்து, கொள்கலனைப் புதிதாக உருவாக்கியும், நிறுத்தி எழுப்பியும், இரண்டு முனையங்களைத் திறந்தும் பார்த்தால், இரட்டை எது, மீளோட்டம் எது என்பது பதிவேட்டிலேயே தெரிந்துவிடும். டாக்கரின் இன்ஸ்பெக்ட் கட்டளை, கொள்கலனில் உண்மையில் செல்லுபடியாகும் என்ட்ரிபாயிண்டையும் சிஎம்டியையும் காட்டும். முன்னே சொன்ன ஷெல் எக்ஸெக் அன்றி, டாக்கரின் எக்ஸெக் வழியே கொள்கலனுக்குள் நுழைவது என்ட்ரிபாயிண்டை மீண்டும் ஓட்டாது. ஸ்டார்ட், ரீஸ்டார்ட் ஆகியவை ஓட்டும்.

தமிழில் ஆவணம் எழுதுவோர், படிமம் கட்டும்போது ஓடுவதைக் கட்டுநிரல் என்றும், கொள்கலன் பிறக்கும்போது ஒருமுறை ஓடுவதை உருவாக்க நிரல் என்றும், கொள்கலன் எழும் ஒவ்வொரு முறையும் ஓடுவதைத் தொடக்க நிரல் என்றும், கருவி இணையும்போது ஓடுவதை இணைப்பு நிரல் என்றும், முனையம் திறக்கும்போது ஓடுவதை முனைய நிரல் என்றும் பிரித்து எழுதலாம். புதிய கட்டளை ஒன்றைச் சேர்க்க வருபவர், இந்த ஐந்தில் அது எதற்கு உரியது என்று முதலில் தெரிந்தெடுத்தாக வேண்டியிருக்கும்.