கறை போகவில்லை என்று இன்னொன்றை ஊற்றாதீர்கள்

மார்கழி கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் இருமல் கூடிவிடும். பனி ஒரு காரணம், போகிப் புகை இன்னொரு காரணம். மூன்றாவதாக ஒன்றை நுரையீரல் மருத்துவராக நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்: பொங்கலுக்கு வீடு கழுவுவது. பரணில் கிடக்கும் பித்தளைப் பானையிலிருந்து பாத்ரூம் மூலை வரை ஒரே நாளில் தேய்த்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், பெண்கள் தங்கள் மூச்சைப் பணயம் வைக்கிறார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் வந்த ஒரு அம்மாவை மறக்க முடியவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவர். இதற்கு முன் ஆஸ்துமா இருந்ததில்லை, சளி பிடித்தால்கூட கஷாயத்திலேயே சரியாகிவிடும் உடம்பு. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. கண் சிவந்து நீர் வழிகிறது, தொண்டையைப் பிடித்துக்கொண்டே இருமுகிறார். ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் கொடுத்து, கொஞ்சம் அடங்கிய பிறகுதான் விவரம் வந்தது.

"பிளீச்சிங் பவுடர் தூவித் தேச்சேன் டாக்டரம்மா. மஞ்சக் கறை அப்படியே நிக்குது. சரி, பாட்டில்ல ஆசிட் இருந்துச்சே, அதையும் கொஞ்சம் ஊத்துனேன். நாத்தம் வீட்டுக்குள்ள வருமேன்னு கதவையும் சாத்திக்கிட்டேன்."

அவர் செய்த ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்த நொடியே குளோரின் வாயு கிளம்பிவிடும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தில் ஈப்ர நகரத்துக்கு அருகே பதுங்கு குழிகளில் இருந்த வீரர்கள் மீது திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு படரும். குத்தவைத்துத் தேய்க்கிறவரின் முகம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நுரையீரலின் ஈரத்தில் கரைந்து அமிலமாகி, மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கிவிடும். அந்த அம்மா மூன்று நாள் வார்டில் இருந்தார். பிறகும் ஏழெட்டு மாதம் இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற முடியவில்லை. நிறையச் சுவாசித்துவிட்டால் ஒரே ஒரு தடவைகூட இப்படி நீண்டகால மூச்சுத்திணறலைக் கொண்டுவந்துவிடும்.

இந்த வேதனைக்கு அடியில் இருப்பது ஒரு சின்ன விஷயம். அழுக்கில் வகை உண்டு. எந்த அழுக்குக்கு எது என்று தெரிந்துவிட்டால், ஒன்று போதாமல் இன்னொன்றை ஊற்றும் தேவையே வராது.

அந்த வீட்டு மஞ்சள் கறை உப்புக்கறை. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் போர் தண்ணீர் விழும் வீடு என்றால் குழாய், டைல்ஸ், பக்கெட் எல்லாவற்றிலும் வெள்ளையும் மஞ்சளுமாய் ஏடு கட்டும். குடிநீருக்கான இந்திய தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 600 வரை ஏற்கலாம் என்று இருக்கிறது. பல ஊர் போர்களில் அதற்கும் மேலே போகிறது. அந்தத் தண்ணீர் காய்ந்தபின் தங்குவது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ தெரிந்தால் கூடவே இரும்புத் துரு இருக்கும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், பாசியை வெளுக்கும். சுண்ணாம்பை அது ஒன்றும் செய்யாது. எவ்வளவு தூவினாலும் அந்த அம்மாவின் கறை போயிருக்காது.

சுண்ணாம்பைக் கரைப்பது புளிப்பு. அதற்குத் தெருவில் கேனில் வைத்து விற்கும் ஆசிட் வேண்டியதே இல்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள், சிட்ரிக் ஆசிட் தூள் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று மேஜைக்கரண்டி போட்டுக் கரைத்தால் போதும். குழாய்க்கு, பழைய பருத்தித் துணியை இதில் நனைத்துச் சுற்றி, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுத்துத் தேய்த்தால் ஏடு மாவு போல உதிரும். ஷவர் தலைக்கு, ஒரு பாலிதீன் பையில் இந்தக் கரைசலை ஊற்றி, தலை மூழ்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடலாம். டாய்லெட் கோப்பையில் கறை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், முதலில் பிரஷ்ஷால் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிட்டு, கறைமேல் கரைசலை ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். கோப்பையில் நிற்கும் தண்ணீரிலேயே ஊற்றுவதால்தான் பலருக்கு "இது வேலை செய்யலை" என்று தோன்றுகிறது. டைல்ஸ் தரைக்கு மட்டும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். டைல்ஸ் இடுக்கில் இருப்பது சிமெண்ட், புளிப்பு அதையும் அரிக்கும்.

பழைய வீட்டு மொசைக் தரையிலும், சமையலறையில் போட்டிருக்கும் கடப்பா கல்லிலும் எந்தப் புளிப்பும் படக்கூடாது. கடப்பா கல்லே ஒரு சுண்ணாம்புக் கல்தான். மொசைக்கில் பதித்திருப்பது பளிங்குச் சில்லுகள். ஆசிட் ஊற்றியதும் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அழுக்கு கிளம்புகிறது என்று சந்தோஷப்படுவார்கள். பொங்குவது தரை. மினுமினுப்பு போய்ச் சொரசொரப்பாகி, அடுத்த வாரம் இன்னும் அதிகமாக அழுக்குப் பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட எளிது ஒன்று உண்டு. தண்ணீர் காய்ந்தால்தானே உப்பு? குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் கறை கட்டுவதே பாதிக்கு மேல் குறைந்துவிடும். என் வீட்டில் கடைசியாகக் குளிக்கிறவருக்கு அது கடமை.

ஆசிட் பற்றி இன்னும் கொஞ்சம். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. வாங்குகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது. ஆனாலும் பழைய குளிர்பான பாட்டிலில், லேபிள் இல்லாமல், தெருவில் விற்பது தொடர்கிறது. அந்த பாட்டில் வாஷ்பேசினுக்கு அடியில் உட்காரும். தாகத்தோடு விளையாடி வரும் குழந்தைக்கு அது ஜூஸ் பாட்டில்தான். உணவுக்குழாய் வெந்து சுருங்கி, பல வருடம் சிகிச்சைக்கு அலையும் பிள்ளைகளை எங்கள் மருத்துவமனையில் பார்க்கிறோம். இதை வாசிக்கிறவர் வீட்டில் அப்படி ஒரு பாட்டில் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அதைக் கை எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இனி வாங்காதீர்கள்.

சமையலறை வேறு கணக்கு. அங்கே எதிரி எண்ணெய். தாளிக்கும்போது எழும் ஆவி அடுப்புக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையிலும் படிந்து, அதில் தூசி ஒட்டி, கோந்து மாதிரி ஆகிவிடும். இதற்கு எலுமிச்சை உப்பு உதவாது. எண்ணெயை உடைப்பது காரம். நம் பாட்டிமாருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு அடுப்புச் சாம்பல், பித்தளைக்குப் புளி என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். சாம்பலில் காரம் இருக்கிறது, புளியில் அமிலம். இரண்டையும் குழைத்து எந்தப் பாட்டியும் எண்ணெய்ச் சட்டி தேய்த்ததில்லை.

அதனால்தான் சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து நுரைக்க வைக்கும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம். அதில் ஆபத்து இல்லை, பயன்தான் இல்லை. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது லேசான உப்புத் தண்ணீர். எண்ணெய்க்குச் சோடாவைத் தனியாகப் பயன்படுத்துங்கள். கெட்டிலில் படிந்த வெள்ளைக்கு வினிகரைத் தனியாகப் பயன்படுத்துங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கைக்கும் அடுப்பு மேடைச் சுவருக்கும் சூடான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் கொஞ்சம், சலவை சோடா ஒரு கரண்டி போதும். துணியில் தோய்த்துப் பூசிவிட்டு, கால் மணி நேரம் வேறு வேலையைப் பாருங்கள். ஃபேனுக்கு முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அலுமினியத்தில் மட்டும் சலவை சோடா வேண்டாம், கறுத்துவிடும். சிங்க் அடைத்தால் காஸ்டிக் சோடா கலந்த தூளைக் கொட்டி, மேலே கொதிக்கிற தண்ணீரை ஊற்றுகிறார்கள். அது பொங்கி முகத்தில் தெறித்துக் கண் போனவர்கள் உண்டு. பிளாஸ்டிக் குழாயும் அந்தச் சூட்டில் இளகும். ரப்பர் கப் வைத்த கட்டையால் நாலு அழுத்து அழுத்துங்கள், அல்லது கீழே இருக்கும் வளைகுழாயைக் கழற்றிக் கழுவுங்கள்.

மூன்றாவது வகை பாசி, பூஞ்சை, கிருமி. பிளீச்சுக்கு வேலை இங்கேதான், அதுவும் கடைசியில். சோப்புப் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசிய பிறகு, கடையில் கிடைக்கும் 5 சதவீத பிளீச் திரவத்தில் நாலு தேக்கரண்டி எடுத்து ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீரில் கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச்சின் வீரியம் அழுக்கிலேயே செலவாகிவிடும். அன்றன்றைக்குக் கலந்தது அன்றைக்கு மட்டும். டாய்லெட் கிளீனர் போட்ட நாளில் பிளீச் கூடாது, இரண்டையும் வேறு வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, வினிகர் போன்ற "இயற்கை" புளிப்பும் பிளீச்சோடு சேர்ந்தால் அதே குளோரின்தான் வரும். அமோனியா உள்ள கண்ணாடி கிளீனரும், தண்ணீர் விடாமல் கிடக்கும் சிறுநீரும்கூட பிளீச்சோடு சேர்ந்தால் நெஞ்சை எரிக்கும் வேறு வாயுக்களைக் கொடுக்கும்.

எதைப் போட்டாலும் கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபேன் ஓட வேண்டும். நாற்றம் வீட்டுக்குள் வரட்டும், பரவாயில்லை. அது கலைந்து போவதற்குத்தான் வீடு முழுக்க இடம் வேண்டும். ஸ்ப்ரே பாட்டிலைச் சுவரில் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள், அந்த நுண்துளி நுரையீரலுக்குப் போகாது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,235 பேரை 20 வருடம் தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலோ வேலையாகவோ சுத்தம் செய்து வந்த பெண்களின் நுரையீரல் திறன் மற்ற பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. நாலு வீட்டில் பாத்ரூம் கழுவும் அக்காவின் இருமலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வரும். அவர் கையில் இரண்டு பாட்டில்களைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். எது எதோடு சேரக் கூடாது என்று வாயால் சொல்லுங்கள், கையுறை வாங்கிக் கொடுங்கள். லேபிளில் இருக்கும் ஆங்கிலம் அவருக்கு உதவாது.

வாஷ்பேசினில் போடும் நாப்தலீன் உருண்டை எதையும் சுத்தம் செய்வதில்லை, வாசனை மட்டும்தான். சிவப்பணுவில் ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தை அதை மிட்டாய் என்று விழுங்கினால் ரத்தம் உடைந்து மஞ்சள்காமாலை வரும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் வேண்டவே வேண்டாம். கோழிக்கறியைக் குழாய்க்கு நேராகப் பிடித்துக் கழுவுவதையும் விடுங்கள், தெறிக்கும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் தட்டுகளுக்கு எல்லாம் கிருமியைக் கொண்டுபோகும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்து வெயிலில் வையுங்கள்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கீழே, கம்ப்ரஸருக்கு மேல் ஒரு சின்னத் தட்டு இருக்கும். பல வீடுகளில் அதைப் பார்த்ததே கிடையாது. டெங்கு பரப்பும் கொசு முட்டையிட விரும்பும் இடங்களில் அது ஒன்று. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டு ஓரத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். பாத்ரூம் டிரம்மின் உள்சுவருக்கும் அப்படியே.

தவறிப்போய்க் கலந்துவிட்டால், தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய நிற்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வாருங்கள், வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு. கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடமாவது கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் வண்டி ஏற வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர், முட்டை, எலுமிச்சைச் சாறு எதுவும் கொடுக்காதீர்கள். உள்ளே போகும்போது ஒரு தடவை வெந்த குழாய், வெளியே வரும்போது மறுபடியும் வேகும். 108-ஐ அழையுங்கள். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டிலேயே படுத்துவிட வேண்டாம். வாயுவைச் சுவாசித்தவருக்கு நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். மருத்துவமனைக்குப் போகும்போது அந்த பாட்டில்களை மூடி ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், முடியாவிட்டால் லேபிளையாவது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டியூட்டியில் இருக்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.