பர்ருகாட்: போபால்ல நாணல் வெட்டுன பட்டாணியர்

போபால்ல ஒருத்தர் "நாங்க பர்ருகாட்"னு சொன்னா, இந்த ஊரு உருவான காலத்துலேர்ந்தே இருக்கோம்னு அர்த்தம். கெத்தா சொல்ற வார்த்தைதான், ஆனா பிரிச்சுப் பாத்தா வெறும் புல்லு வெட்டுன கதை. பர்ருங்கறது நாணல் மாதிரி உயரமா வளர்ற ஒரு புல்லு, அதோட தண்ட சாய்வா சீவி மையில தொட்டு எழுதுற பேனாவும் செய்வாங்க. காட்ங்கறது "காட்னா"ங்கற இந்திச் சொல்லுலேர்ந்து வந்தது, வெட்டுறதுன்னு அர்த்தம்.

வெட்டுனது யாருன்னா, போபால் நவாப் வம்சத்த தொடங்கி வச்ச தோஸ்த் முகமது கானோட ஆளுங்க. அவரு இப்ப பாகிஸ்தான்ல இருக்குற திராஹ் மலைப்பக்கத்து ஒரக்சாய் குலத்துப் பட்டாணியர், முகலாயப் படையில வேலை பாத்தவர், 1707ல ஔரங்கசீப் செத்ததும் மத்திய இந்தியாவுல இருக்குற மால்வா முழுக்க ஆளாளுக்கு நாட்டாமை ஆயிடுச்சா, இவரும் கூலிப்படை சேத்துக்கிட்டு காசு குடுத்தவங்களுக்காக சண்டை போட்டாரு, 1709ல போபால் பக்கத்துல இருக்குற பெராசியாவ வருஷம் 30,000 ரூபாய்க்கு குத்தகை எடுத்தாரு, அப்புறம் கோண்டு பழங்குடி ராணி கமலாபதிகிட்டேர்ந்து போபால் கிராமம் கைக்கு வந்துச்சு. (2021ல போபாலோட ஹபீப்கஞ்ச் ஸ்டேஷனுக்கு வச்சது இந்த ராணி பேருதான்.) கால் ஊனுனதும் திராஹ்லேர்ந்து அண்ணன் தம்பி, சொந்தபந்தம்னு வந்து சேந்தாங்க. வந்தவங்களுக்கு மாளிகையா இருந்துச்சு? பர்ருவ வெட்டி அதையே கூரையா வேஞ்சு குடிசை போட்டாங்க. வெட்டுனதால வந்த பேருன்னு சிலர், கூரையால வந்த பேருன்னு சிலர். வெட்டாம எப்படிங்க வேயறது, ரெண்டும் ஒண்ணுதான்.

மொதல்ல அந்தப் பட்டாணியர் குடும்பங்களுக்கு மட்டும் இருந்த பேரு, போகப்போக தலைமுறை தலைமுறையா இருக்குற பழைய போபால்காரங்க எல்லாருக்கும் ஆயிடுச்சு.

பட்டாணியர்ங்கறதும் சுத்தி வந்த சொல்லுதான். அவங்க தங்கள பஷ்தூன்னு சொல்லிக்குவாங்க, அதோட பன்மை இந்திப்பக்கம் வந்து பட்டான் ஆகி, தமிழ்ல பட்டாணி ஆயிடுச்சு. மொட்டையா பட்டாணின்னு எழுதுனா சுண்டல்தான் ஞாபகம் வருது, அதனால பட்டாணியர்னே எழுதுங்க, பழைய தமிழ் புத்தகங்கள்ல இருக்குற சொல்லுதான், புதுசா பதான்னு எழுதத் தேவையில்ல.

சரி, பர்ருகாட்டுக்கு தமிழ்ல என்ன? நான் நாணல்வெட்டின்னு வைப்பேன். ரெண்டும் ஒரே புல்லு இல்ல, ஆனா காடுவெட்டின்னு ஊர்ப்பேரே வச்சிருக்குற நமக்கு சட்டுனு பிடிபடும். பூர்வகுடின்னு மட்டும் மொழிபெயர்த்துடாதீங்க, புல்ல வெட்ட இவங்க வர்றதுக்கு முன்னாடியே அங்க கோண்டுகள் இருந்தாங்க.