ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டுச் சுவரைப் பாருங்கள்

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை, கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒரு பெரியவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருடைய புது மின் ஸ்கூட்டர் பின்னாலேயே ஒரு குட்டியானை லோடு வண்டியில் வந்தது.

"ஏனுங்க தம்பி, வாங்கி மூணு வாரங்கூட ஆகலீங்க. சார்ஜே ஏற மாட்டேங்குது. பேட்டரி போயிருச்சுங்களா?"

வண்டியை எங்கள் பாயிண்டில் போட்டோம். உடனே ஏற ஆரம்பித்துவிட்டது. அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம். "அப்ப எங்கூட்லதான் கோளாறுங்களா?" என்றார். ஆமாம், அங்கேதான். நேரில் போய்க் கழற்றிப் பார்த்தபோது பிளக் பாயிண்டில் மூன்று துளைகள் இருந்தன. மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. வீடு கட்டிய நாளிலிருந்து எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி, இல்லாமலேயே இருந்திருக்கிறது. மிக்ஸிக்கும் டிவிக்கும் அது தெரியவில்லை. புது வண்டியின் சார்ஜர் மட்டும் கண்டுபிடித்து, ஏற மாட்டேன் என்று மறுத்திருக்கிறது.

நான் பதினாறு வருடம் பம்பு மோட்டார் ரீவைண்டிங் செய்தவன். கடந்த ஏழு வருடமாக இந்தப் பேட்டரி வண்டிகளைப் பழுது பார்ப்பதும் விற்பதும்தான். பட்டறைக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் வண்டியில் இருப்பதில்லை. வீட்டுச் சுவரில் இருக்கும், இல்லாவிட்டால் வாங்கியவர் போட்ட கணக்கில் இருக்கும். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் கணக்கு. கோயமுத்தூரில் கார் வைத்திருப்பவர்கள், ஊருக்குள் ஓட்ட மின் ஸ்கூட்டர் வாங்கும் முன், ஒரு வாரம் தங்கள் ஓட்டத்தை ஒரு நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பேன். அந்தப் பெரியவரையும் எழுதச் சொன்னேன். ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தை, பேங்க், பேத்தியை டியூஷனில் விடுவது, மருந்துக்கடை. ஏழு நாளில் ஒருநாள்கூட 20 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பேத்தி ஏறும் நேரம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காரில் ஒரே ஆள். எழுபது கிலோ மனிதரைக் கத்திரிக்காய் வாங்க அழைத்துப்போக ஆயிரம் கிலோ இரும்பு நகர்கிறது. மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். அந்தக் குறுகிய ஓட்டத்தில்தான் பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஊருக்குள் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தாலே கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். ஒரு மின் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் ஓட, சார்ஜரில் வீணாகும் சூட்டையும் சேர்த்து, மூன்றிலிருந்து மூன்றரை யூனிட் போதும். யூனிட் ஒன்பது ரூபாய் என்று போட்டாலும் கிலோமீட்டருக்கு முப்பது பைசா சொச்சம்தான் வரும்.

பணத்தை விடுங்கள், நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயர் தாங்கிய 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. மேலே ஏறிய கார் வேகமாகப் போய்ச் சேருகிறது. சேர்ந்த இடத்தில் நிறுத்த இடம் இல்லை. கிராஸ்கட் ரோட்டில் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றும் நேரத்தில் ஸ்கூட்டர்காரர் துணி எடுத்துவிட்டு வீட்டுக்கே போயிருப்பார். இதில் ஒரு வேடிக்கை, இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவதை 1937ல் அதே நாயுடு செய்தது அந்தச் சாலையில் இருக்கும் பீளமேட்டில்தான். மோட்டார் இந்த ஊருக்குப் புதிதே அல்ல. பம்பில் சுற்றியதை இப்போது சக்கரத்தில் சுற்றவிடுகிறோம், அவ்வளவுதான்.

சரி, சுவருக்கு வருவோம்.

மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும். சார்ஜர் ஐந்து மணி நேரம் ஓடும். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஸ்கூட்டர் சார்ஜர் பெரும்பாலும் மூன்று நான்கு ஆம்பியர்தான் இழுக்கும், பெரிய சுமை இல்லை. ஆனால் பத்து வருடப் பழைய ஐந்து ஆம்பியர் பாயிண்டில், தளர்ந்துபோன பித்தளைத் தகட்டில், ராத்திரி முழுக்க அந்த ஆம்பியர் போனால் தொடும் இடம் சூடாகும். சூட்டில் தகடு இன்னும் தளரும். தளர்ந்தால் இன்னும் சூடு. பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும். அதற்கப்புறம் நாற்றம் வரும், ஆனால் அந்நேரம் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் மேல்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. கையை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே அந்தப் பாயிண்டை மாற்றிவிடுங்கள்.

என்ன மாற்ற வேண்டும்? மீட்டர் போர்டிலிருந்து நேராக வண்டி நிற்கும் இடத்துக்கு இரண்டரை சதுர எம்எம் செம்புக் கம்பி, 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்கென்று தனி எம்சிபி (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்). லட்ச ரூபாய்க்கு மேல் வண்டிக்குக் கொடுத்தவர்கள் இந்தச் சில ஆயிரத்துக்குப் பேரம் பேசும்போது எனக்கு உண்மையில் கோபம் வரும்.

எர்த் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கொங்கு மண் பல இடங்களில் நாலடி தோண்டினால் பாறை. கரியும் உப்பும் போட்ட எர்த் குழி மாசி, பங்குனியில் காய்ந்து கட்டியாகிவிடும். காய்ந்த மண் கசியும் மின்சாரத்தை வாங்காது. எங்கள் அப்பா தோட்டத்து மோட்டார் ரூமில் எர்த் குழிக்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். நாங்கள் அதை ஏதோ சாங்கியம் என்று நினைத்தோம். வீட்டில் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். நான் போன வீடுகளில் சிலவற்றில் அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள், ஒன்றில் துளசி மாடம்.

இதைவிட மோசமான ஒன்றைச் சொல்ல வேண்டும். எர்த் இல்லாமல் சார்ஜர் மறுக்கிறது என்றதும் சிலர் அந்தப் பாயிண்டுக்குள்ளேயே மின்சாரம் திரும்பிப்போகும் நியூட்ரல் கம்பியிலிருந்து ஒரு துண்டு எடுத்து எர்த் துளையில் முறுக்கிவிடுகிறார்கள். சார்ஜர் ஏமாந்து ஏற ஆரம்பிக்கும். ஐந்து நிமிட வேலை, நூறு ரூபாய் கூலி. ஆனால் என்றைக்காவது அந்தப் பாயிண்டுக்கு வரும் நியூட்ரல் அறுந்தால் வண்டியின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். மழையில் நனைந்த காலோடு ஸ்டாண்டை எடுக்க வரும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எலக்ட்ரீஷியன் எர்த் கொடுத்தேன் என்றால், "எங்கிருந்துங்க கம்பி வருது, காட்டுங்க" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜ் போட்ட மின் ஸ்கூட்டர் வீட்டில் தீப்பிடித்து, புகையில் சிக்கி ஒரு தகப்பனும் மகளும் இறந்தார்கள். அந்த வருடம் பல ஊர்களில் வண்டிகள் எரிந்த பிறகு பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 விதிகளைக் கடுமையாக்கினார்கள். 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. ஆகவே பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது தயாரான தேதியைப் பார்க்க வேண்டும். புது வண்டியானாலும் ஹாலில், மாடிப்படிக்கு அடியில், வாசற்கதவுக்கு உள்பக்கம் சார்ஜ் போடாதீர்கள். எரிந்தால் நாம் வெளியே ஓட வேண்டிய வழி அதுதான். வெயிலில் ஓட்டி வந்த கையோடு சொருகவும் வேண்டாம். பேட்டரி கொஞ்சம் ஆறட்டும், ஒரு காபி குடித்துவிட்டுப் போடுங்கள்.

அடுக்கு வீட்டில் இருப்பவர்கள் பாடுதான் சிரமம். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு குடியிருப்பில் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கயிறு கட்டித் தொங்கியதைப் பார்த்தேன். கீழே வண்டி, நடுவில் மழை. அதைச் செய்யவே செய்யாதீர்கள். வாங்கும் முன்பே குடியிருப்போர் சங்கத்தில் பேசி, உங்கள் மீட்டரிலிருந்து கீழே தனிக் கம்பி இழுக்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கழற்றி மேலே எடுத்துப்போகும் பேட்டரி உள்ள வண்டியைப் பாருங்கள், அதையும் படுக்கையறையில் போடாமல். இரண்டும் ஆகாது என்றால் பெட்ரோல் ஸ்கூட்டரே போதும். இதைச் சொன்னதால் எனக்கு விற்பனை போனதுண்டு.

கரண்ட் பில்லில் ஒரு சின்ன சூட்சுமம். தினம் 30 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்தில் அறுபது யூனிட் சொச்சம் கூடும். நம் வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் நூறுக்கும் இருநூறுக்கும் இடையில் கிடைக்கும் மலிவு விலை, 500ஐத் தாண்டினால் போய்விடும். 460ல் இருக்கும் வீடு வண்டியால் 520க்குப் போனால் பில் எகிறியது போலத் தெரியும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான். ஆனால் முதல் பில்லைப் பார்த்துப் பயந்து வண்டியைப் பழிக்காதீர்கள்.

அடுத்து ரேஞ்ச், அதாவது ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம். விளம்பரத்தில் இருக்கும் கிலோமீட்டர் சோதனையில் வந்தது. உங்களுக்கு அதில் முக்கால் பங்கு வந்தால் நல்ல வண்டி. அதிலும் இங்கே ஆடிக்காற்று என்று ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கேயிருந்து அடிக்கும். பல்லடத்தில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. 60 வேகத்தில் போகும்போது எதிரே 25 வேகத்தில் காற்றடித்தால் உங்கள் நெஞ்சில் மோதுவது 85. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும் என்பதால், தடை இரண்டு மடங்காகிவிடும். பல்லடத்திலிருந்து தினமும் கோயமுத்தூர் வந்துபோகும் ஒரு தம்பி, "அண்ணா, காலையில பேட்டரி 46 சதம் குடிக்குது, சாயங்காலம் 32தான், மீட்டர் கோளாறு" என்று ஆடியில் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. காலையில் எதிர்காற்று, மாலையில் முதுகுக் காற்று. வேகத்தைப் பத்து குறைத்து ஓட்டிப் பார் என்று அனுப்பினேன். புரட்டாசியில் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது.

மழைக்கும் ஒரு வார்த்தை. பேட்டரிக்கு ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அது சோதனைக்கூடத்துத் தண்ணீர், லங்கா கார்னர் பாலத்தடித் தண்ணீர் அல்ல. மூன்று வருடம் குலுங்கிய கனெக்டரும் ரப்பரும் புதிதுபோல் இருக்காது. பாலத்தடியில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள். மூழ்கிய வண்டியைக் காய்ந்துவிட்டது என்று நீங்களாகச் சார்ஜ் போடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லாத வண்டி கேட்டு வருகிறார்கள். மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால் பதிவும் லைசென்ஸும் வேண்டாம் என்பது விதி. ஆனால் "ஒரு ஒயரை வெட்டினா 45 போகுங்க" என்று சொல்லி விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். வெட்டிய நிமிடத்தில் அது பதிவில்லாத மோட்டார் வண்டி. யாரையாவது இடித்தால் காப்பீடும் வராது. அந்த பிரேக் 45க்குச் செய்ததும் அல்ல. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் சாதா சைக்கிள்தான் சொல்வேன்.

வயதானவர்கள் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். இந்த வண்டி சத்தம் போடாது. நின்றிருக்கும்போது அணைந்திருக்கிறதா ஓடுகிறதா என்று காது சொல்லாது. அந்தப் பெரியவரே ஒரு நாள் காய்கறிப் பையை மாட்டக் குனிந்து, பிடிமானத்துக்கு ஆக்சிலேட்டரைப் பிடித்துத் திருகிவிட்டார். வண்டி பாய்ந்து காம்பவுண்டுச் சுவரில் மோதியது. நல்லவேளை, முன் மட்கார்டோடு போயிற்று. நின்றதும் சாவியை அணைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

காரை விற்றுவிடுங்கள் என்று யாரிடமும் சொல்வதில்லை. சேலம் கல்யாணத்துக்கும், ராத்திரி ஆஸ்பத்திரிக்கும், நாலு பேர் போகவும் கார்தான். ஒரு ஸ்கூட்டரில் குடும்பமே ஏறுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

பெரியவர் வீட்டில் புதுப் பாயிண்ட் போட்டு, எர்த் குழியும் புதிதாக எடுத்தாயிற்று. ஐந்து மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம் போன் வந்தது. "தம்பி, சார்ஜ் எறங்கிப்போச்சுங்க, ஸ்டார்ட்டே ஆகல."

"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தறீங்களா?"

"அது நல்லா ஓடுதுங்க. காரைச் சொல்றேன். நிறுத்தி ரெண்டு மாசமாச்சு."

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும், வாரம் ஒரு தடவையாவது இருபது நிமிடம் ஓட்டுங்கள், பேரூர் கோயிலுக்குப் போய்விட்டு வாங்களேன் என்றேன்.

"அங்க காரை எங்கீங்க நிறுத்தறது?" என்றார்.